ரஞ்சனி போனில் திறந்திருப்பவை

அந்த நரிப் படம் போட்ட பிரௌசரை இப்பவே ஏத்திராதீங்க சார். ஒரு நிமிஷம் கையை எடுங்க. உங்க வேலையைக் கெடுக்கணும்னு இல்லை. சாத்தூர்லேருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க, பழைய டப்பாவைப் பிரிச்சுப் பாத்தீங்க, ஹார்ட் டிஸ்க் கட்கட்டுன்னு அடிக்குது, இன்னிக்கோ நாளைக்கோ போயிரும்னு சொன்னீங்க. சரின்னேன். டிசைன் ஃபைல் எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு மாத்திட்டீங்க. அதுவும் சரி. கடைசியா ஒண்ணு கேட்டீங்க பாருங்க, "பிரௌசர் எது போடட்டும்?"னு. டீயா காப்பியாங்கிற மாதிரி சாதாரணமாக் கேட்டுட்டீங்க. அங்கதான் சார் உங்களை நிறுத்துனேன்.

உக்காருங்க. கடையில வேலை பாக்கிற செல்வராணி சாப்பிடப் போயிருக்கு, வர முக்கால் மணி நேரம் ஆகும். அது இருந்தா நான் இதையெல்லாம் பேச மாட்டேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்தக் கம்ப்யூட்டர்லயும் இந்தப் புதுப் போன்லயும் ஒரே பிரௌசர். இங்க தெரியறது அங்கயும் தெரியணும். நீங்களும் பொறுமையாத்தான் சொன்னீங்க, நரி நல்லது, சிங்கம் போட்டது விளம்பரம் வராமத் தடுக்கும், நீலம் கம்ப்யூட்டர் கூடவே வந்துரும், பழைய கலர் வட்டம் எல்லாருக்கும் பழக்கம்னு. விளம்பரம் வந்தா வந்துட்டுப் போகுது சார். நானே ஊருக்கு விளம்பரம் அடிச்சுக் குடுக்கிறவன், எனக்கென்ன வலிக்குது? எனக்கு அந்த லிஸ்ட் வேணும். அவ்வளவுதான்.

எந்த லிஸ்ட்டுன்னா கேக்கறீங்க? பழைய மானிட்டர்ல பாருங்க. மூலையில சின்ன வட்டத்துக்குள்ள ஒரு மூஞ்சி தெரியுதா? அது என் மக. ரஞ்சனி. வெளிய போர்டுல "ரஞ்சனி ஆப்செட் அண்டு ஃபிளெக்ஸ்"னு பாத்திருப்பீங்களே, அவ பேருதான். இந்தக் கம்ப்யூட்டரை வாங்குனது நான், இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் அவ. மெயில், பாஸ்வேர்டு, பில் போடறது, எல்லாத்தையும் அவ பேர்ல திறந்து வச்சிருந்தா. எனக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவதான்.

அவ செத்து மூணு வருஷம் ஆகுது சார்.

ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க. உச்சு எல்லாம் கொட்ட வேண்டாம். உயிரோடதான் இருக்கா. திருப்பூர்ல. நான்தான் சாக அடிச்சேன். விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவன் ஒருத்தன், நாலு தடவை வந்தான், அஞ்சாவது தடவை அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். வேற ஆளுங்க. எங்க ஆளுங்க இல்லை. அதுக்கு மேல கேக்காதீங்க. எங்க பக்கத்துல அப்படிப் போனா என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆத்துல முழுகுனேன், மொட்டை போட்டேன், ஆள் வச்சுப் பதினாறு செஞ்சேன். பங்காளிங்க எல்லாம் நின்னாங்க. அவ அம்மா தங்கபுஷ்பம் மட்டும் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அன்னிக்குச் சாத்துனவதான். சோறு போடுவா, துணி துவைப்பா, என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசுனது கிடையாது. ஹால்ல மாலை போட்டு நான் மாட்டுன போட்டோவுக்கு இன்னிக்கு வரைக்கும் விளக்கு ஏத்த மாட்டேங்கிறா. இது நியாயமா? ஊரே ஒத்துக்கிட்டதை இவ ஒத்துக்க மாட்டாளாம்.

போஸ்டரும் அடிச்சேன் சார். கண்ணீர் அஞ்சலி. ஊர்ல யார் வீட்டுல துக்கம்னாலும் இந்தக் கடையிலதான் போஸ்டர். அதை டிசைன் பண்றது அவதான். சிரிக்கிற போட்டோ இருந்தாக் குடுங்கன்னு வந்தவங்ககிட்டத் தன்மையாக் கேட்டு வாங்குவா. அன்னிக்கு நானே உக்காந்து போட்டேன். போட்டோவுக்கு எங்க போறது? அந்த மூலையில இருந்த படத்தைத்தான் பெருசு பண்ணி எடுத்தேன். தோற்றம் அவ பொறந்த தேதி. மறைவு அவ ஓடிப்போன தேதி. நூறு போஸ்டர். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, அவ படிச்ச ஸ்கூல் காம்பவுண்டு, எல்லா இடத்துலயும் ஒட்டியாச்சு. நல்லா வந்திருந்துச்சு சார். டிசைன்ல ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையா இருந்தாலும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃப் மெயில்ல போகும். சிவகாசி பிரஸ்ஸுக்கு ஒண்ணு, நம்ம கடை மெயிலுக்கு ஒண்ணு. வருஷக்கணக்கான பழக்கம், கை தன்னால அமுக்கிருச்சு. கடை மெயில் அவ போன்ல இருக்குங்கிறது எனக்கு அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வரலை. சத்தியமா வரலை.

பதினாறு முடிஞ்ச மறுநாள் கடையைத் திறந்தேன். எதையோ மூடிட்டேன், அதைத் திரும்ப எடுக்கணும்னு மேல இருக்கிற மூணு புள்ளியை அமுக்குறேன். அதுக்குள்ள ஒரு லிஸ்ட் விரியுது. தலைப்பு "ரஞ்சனி போன்". அதுக்குக் கீழ அவ போன்ல திறந்திருக்கிற பக்கம் எல்லாம் வரிசையா நிக்குது. திருப்பூர்ல வாடகை வீடு. கேஸ் கனெக்‌ஷன் மாத்தறது எப்படி. எல்லாத்துக்கும் அடியில அந்தப் போஸ்டர். அவ கண்ணீர் அஞ்சலியை அவளே திறந்து வச்சிருக்கா.

அப்பத்தான் காரியம் முடிச்சு, வீட்டைக் கழுவிவிட்டுட்டு வந்திருக்கேன். செத்தவ இங்க வந்து வாடகை வீடு தேடுறா. பட்டுன்னு மூடிட்டு சூடம் கொளுத்துனேன். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, திரும்பத் திறந்தேன்.

அன்னியிலேருந்து தினம் திறக்கறேன். காலையில ஷட்டரைத் தூக்குனதும் சாமி படத்துக்குப் பத்தி, அப்புறம் இந்த லிஸ்ட்டு. நேத்து இருந்தது இன்னிக்கு மாறியிருந்தா அவ இருக்கான்னு அர்த்தம். மாறலைன்னா அன்னிக்கு எனக்கு வேலையே ஓடாது. ஞாயித்துக்கிழமை கடை லீவு. ஸ்டாக் பாக்கணும்னு பொய் சொல்லிட்டு வந்து உக்காருவேன். போன தீபாவளிக்குப் பங்காளி வீட்டு விசேஷம், நாலு நாள் வர முடியலை. பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. அதுக்காகத்தான் சார் இந்த டச் போனை வாங்குனது. செல்வராணிகிட்ட வியாபாரத்துக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். கடை வாட்ஸ்அப் அது கையில இருக்கு, எனக்கு என்ன வியாபாரம் இதுல?

ஒரு நாள் மூலையில இருந்த மூஞ்சியே மாறிப்போச்சு. முடியைக் குட்டையா வெட்டியிருக்கா, கன்னம் ஒட்டிப்போயி, வேற ஏதோ வராண்டாவுல நிக்கிறா. வீட்டுல மாலைக்குள்ள இருக்கிறவ அப்படியே இருக்கா, இங்க இருக்கிறவளுக்கு வயசு கூடிருச்சு. செத்தவ போட்டோ மாறுமா சார்? நான் மானிட்டரைத் தொட்டுப் பாத்தேன்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அவ கட்டிக்கிட்டவன் இருக்கானே, உடம்புல ஒண்ணும் இல்லாதவன். போன வருஷம் எனக்குக் கால்ல ஒரு புண்ணு. சுகர் இருக்கு எனக்கு. டாக்டருகிட்டப் போக சோம்பலா இருந்துச்சு, இதுலயே அடிச்சுப் பாத்தேன், சுகர்காரனுக்குக் கால் புண்ணுக்கு என்ன செய்யணும்னு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா அவ போன்ல அதே வியாதி! "சர்க்கரை நோயாளி கால் புண், எப்போது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்". பதினோரு நாள் அந்தப் பக்கம் திறந்தே கிடந்துச்சு. அட பாவிப்பய, இந்த வயசுலயே சுகரா, இவனையா போயிக் கட்டுனான்னு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஆனா அதுல நல்லாத் தெளிவாப் போட்டிருந்தாங்க. வெந்நீர்ல காலை முக்காதே, கறுத்தா ஒரு நாளும் தாமதிக்காதேன்னு. நான் முக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். மறுநாளே மதுரைக்குப் போனேன். ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுத்திருப்போம்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் எனக்குக் குடல் இறக்கம். அவனுக்கும் குடல் இறக்கம்! எனக்குக் கண்ணுல புரை, அவனுக்கும் புரை! முப்பது வயசுக்காரனுக்குக் கண்ணுல புரை வருமா சார்? என்ன குடும்பமோ, என்ன வம்சமோ. எம் பொண்ணு தலையெழுத்து ஒரு நோயாளியைக் கட்டிக்கிட்டு அழுவுறா.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? இருங்க, முடிச்சுக்கறேன்.

இதுவரைக்கும் சொன்னது பெருசு இல்லை. ரெண்டாவது வருஷம் ஆடி மாசம். லிஸ்ட்டுல ஒரு வரி. "கரு கலைந்தால் எத்தனை நாள் ஓய்வு". அதுக்குக் கீழ இன்னொண்ணு, "மூன்றாம் மாதம் கலைவது எதனால்". நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டேன். வெளிய ஒருத்தன் கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் காட்டச் சொல்லிக் கத்துறான், எனக்குக் காது கேக்கலை. ஏன்னா எனக்குத் தெரியும் சார் எதனாலன்னு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சவன் நான். இந்தக் கையால. பேரைச் சொல்லி இறைச்சேன். போஸ்டர் அடிச்சு ஊர் பூரா ஒட்டுனேன். அது அவ வயித்துல போயி நிக்காம வேற எங்க போயி நிக்கும்?

யாருகிட்டக் கேக்கறது? காரியம் செஞ்சு வச்சவருகிட்டக் கேக்க முடியுமா? பங்காளிகிட்டக் கேக்க முடியுமா? தங்கபுஷ்பத்துகிட்டச் சொன்னா என்னை வெட்டிப் போட்டுருவா. இதுகிட்டத்தான் கேட்டேன். ஒத்தை விரலால தட்டித் தட்டி, "உயிரோடு இருப்பவர்களுக்குக் கருமாதி செய்தால் பலிக்குமா". என்னென்னமோ வந்துச்சு, நான் கேட்டதுக்குப் பதில் வரலை. மறுநாள் "செய்த கருமாதியைத் திரும்ப எடுக்க என்ன பரிகாரம்"னு கேட்டேன். அதுக்கும் வரலை. நாலஞ்சு நாள் இதையே மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். எனக்குச் சோறு இறங்கலை.

அந்த வாரம் அவ லிஸ்ட்டுல புதுசா ஒண்ணு. "நான் நல்லாத்தான் இருக்கேன்". தேடுற இடத்துல அடிச்சிருக்கா. சினிமாப் பாட்டு ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன். இப்பத்தான் படத்துக்கும் பாட்டுக்கும் என்னென்னமோ பேரு வைக்கிறாங்களே.

என்ன சார்?

திரும்பச் சொல்லுங்க.

இல்லை, மெதுவாச் சொல்லுங்க. எனக்குப் புரியலை. அவ போன்ல திறக்கறது எனக்கு இங்க தெரியுதுல்ல, அது சரி. நான் இங்க அடிக்கறது... அங்க? அவ பேர்ல திறந்திருக்கிறதால, நான் அடிக்கிற ஒவ்வொண்ணும் அவ போன்லயும் பதியுமா? எல்லாமேவா? கால் புண்ணா? பரிகாரம் கேட்டதா? மூணு வருஷமாவா சார்?

அப்போ அவனுக்குச் சுகர் இல்லையா?

தண்ணி குடுங்க. அந்தப் பாட்டில்ல இருக்கு.

நான் திருப்பூர் பஸ் டைம் பாத்திருக்கேன் சார். மாசாமாசம் பாத்திருக்கேன், ஒரு தடவை கூடப் போனதில்லை. அதையும் பாத்திருப்பா. இந்த மாசமும் பாத்திருக்காரு, இந்த மாசமும் வரலைன்னு பாத்திருப்பா. அவ பேரை வெறுமனே அடிச்சுப் பாத்திருக்கேன். வெறும் பேரு, முழுப் பேரு சிவரஞ்சனின்னு, ஒண்ணும் தேடுறதுக்கு இல்லை, சும்மா. மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் நேரம் பாத்தேன், மறுநாளே அவளும் அதே ஆஸ்பத்திரியைத் திறந்து வச்சிருந்தா. அவன் ஆப்பரேஷனுக்குத்தான் இவ்வளவு தூரம் வர்றாங்க போலன்னு நினைச்சேன். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாளோ? நான் வராண்டாவுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன் சார். யார் மூஞ்சியையும் நான் நிமிந்து பாக்கலை.

நான் ஒளிஞ்சு பாக்குறேன்னு நினைச்சேன். அவ பாக்கட்டும்னுதான் திறந்து வச்சிருக்கா. நான் முட்டாப்பய சார். வயசு அறுவத்தி ரெண்டு ஆகுது, முட்டாப்பய.

சரி. இப்ப என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க. நரியைப் போட்டா சுத்தமா இருக்கும்கிறீங்க. புதுக் கம்ப்யூட்டர், புதுக் கணக்கு, என் பேரு. பேங்க், வரி, எல்லா சைட்டும் ஓடும். போன்லயும் அதே நரி, ரெண்டும் ஒண்ணாப் பேசிக்கும். அவ லிஸ்ட்டு மட்டும் வராது. பழைய டப்பா இன்னிக்கோ நாளைக்கோ அணைஞ்சிரும், அதோட அவளும் போயிருவா. அப்படித்தானே? காரியம் இப்பத்தான் முழுசா முடியும், அதானே சார்?

இல்லைன்னா பழைய கலர் வட்டத்தையே புதுசுலயும் போன்லயும் போட்டு, அவ பேர்லயே உள்ள போகணும். பாஸ்வேர்டு வேணும். அது இருக்கு சார். டேபிள் கண்ணாடிக்கு அடியில ஒரு சீட்டு இருக்கு பாருங்க, அவ கையெழுத்துதான். அது போதாதா? ஏன்?

அவ போனுக்குக் கேள்வி போகுமா? "உள்ள வர்றது நீங்கதானா?"ன்னு?

அதைக் கேக்காம உள்ள போக வழி இல்லையா? நீங்க எவ்வளவோ படிச்சிருக்கீங்க, ஏதாவது குறுக்கு வழி... இல்லையா. அவகிட்டத்தான் கேக்கணுமா. செத்தவன்னு ஊருக்குச் சொன்னவகிட்டயே போயி, அம்மா நான் உள்ள வரலாமான்னு நான் கேக்கணுமா.

இருங்க. இருங்க சார், அவசரப்படாதீங்க. பங்காளிங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? என் தங்கச்சி மகனுக்கு இப்பத்தான் பொண்ணு பாக்கறாங்க. நாலு பேரு... அந்த நாலு பேரும் போஸ்டர் ஒட்டப் பசை வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தவங்கதான். என் காலு அழுகுனப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கலை. எனக்கு அவ வேணும் சார். இவ்வளவுதான் விஷயம். வேணும்.

கேளுங்க. அமுக்குங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

போயிருச்சா? இப்ப அவ போன்ல தெரியுமா? ஊர் பேரும் காட்டுமா? எந்த ஊர்லேருந்து கேக்கறாங்கன்னு? அப்போ தெரிஞ்சிரும்.

என்ன சிவப்பா வருது? வேண்டாம்னுட்டாளா? சொல்லுங்க சார், வேண்டாம்னுட்டாளா?

தப்பு நம்பரா? எந்த நம்பரு?

ஓ. இங்க ஒரு நம்பர் காட்டும், அங்க மூணு நம்பர் காட்டும், சரியானதை அவ தொடணும். நமக்கு மட்டும்தான் எதுன்னு தெரியும். அவளுக்குத் தெரியாது. அப்போ அவ தொட்டுருக்கா. தொட்டாளா சார்? கேள்வி போயி அரை நிமிஷம் கூட ஆகலையே. யாரு என்னன்னு கேக்கலை, குத்துமதிப்பா ஒண்ணைத் தொட்டுருக்கா. திரும்ப அனுப்புங்க.

மறுபடியும் தப்பா. பாருங்க, உடனே தொடுறா. தெரியாமலே தொடுறா சார். கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறா போல.

இன்னொரு தடவை தப்பாப் போனா நாளைக்குத்தான் முடியுமா? நாளைக்கு வரைக்கும் இந்த டப்பா தாங்குமா?

நீங்க பேசுங்களேன். என் பேரைச் சொல்லாம, கடையிலேருந்துன்னு சொல்லிட்டு, நம்பரை மட்டும்... ஆமா. ஆமா, தெரியாதவங்க போன் பண்ணி நம்பர் சொன்னா தொடக் கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானே அந்த நோட்டீஸ் அடிச்சுக் குடுத்திருக்கேன்.

என் பட்டன் போன் அந்த டிராயர்ல இருக்கு. எடுங்க. நம்பர் அதுல பதியலை, அழிச்சிட்டேன். மனசுல இருக்கு. நானே அடிக்கறேன், விடுங்க. நீங்க அனுப்பிட்டு எனக்கு நம்பரை மட்டும் காட்டுங்க. கையால காட்டாதீங்க, ஸ்கிரீனைத் திருப்புங்க.

அடிக்குது.

எடுத்துட்டா.

நாற்பத்தி ஒண்ணு.

நாந்தான்... நாற்பத்தி ஒண்ணு.

சார், திறந்திருச்சா? திறந்திருச்சுங்கிறீங்க. அவ போனை வைக்கலை சார். மூச்சு விடுறது கேக்குது. நான் இப்ப என்ன சொல்லணும்? இதுக்கு எதை அமுக்கணும், சொல்லுங்க சார், மூச்சு விடுறா.